கழற்றி வைத்த மோதிரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஆராதனைக்குக் கிளம்புகிற வீடு அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது மாமியார் வைத்த ஒழுங்கு. அன்றைக்கும் அவர் குரலை உயர்த்தவில்லை. சமையலறை ஜன்னல் விளிம்பில், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த மோதிரத்தை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார். மருமகள் எழுந்து நின்றாள்.

சிவப்புக் கல் மோதிரம். அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண்களெல்லாம் போட்டது. திருமணத்தன்று மாமியார் தன் விரலிலிருந்து கழற்றி மகனிடம் கொடுக்க, மகன் இவள் விரலில் போட்டான். அந்த மகன் இப்போது கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை தவறாம இது இங்கதான் கிடக்குதாம். உன் நாத்தனார் சொல்லித்தான் எனக்கே தெரியுது," என்றார் மாமியார். "புருஷன் ஊர்ல இல்லாத நேரத்துல கல்யாண மோதிரத்தைக் கழட்டி வெச்சிட்டு, சபைக்கு முன்னால போய் நிக்கிற. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

அடுப்படியில் நாத்தனார், துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை... அந்தக் கல்லு..."

"கல்லோட அருமை எனக்குத் தெரியும். போட்டுக்கிட்டு நிக்கறதுன்னா நில்லு. இல்லைன்னா இனிமே அங்க நிக்கவே வேண்டாம்."

மருமகள் மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணில் முட்டிய நீரை முந்தானையில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

அவள் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு வளர்ந்ததால் அவளுக்கு வாய்ப்பேச்சு வருமுன்பே கைப்பேச்சு வந்துவிட்டது. வாழ வந்த ஊரின் சபையில் காது கேளாதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்வதைப் பார்த்தாள். தனக்கு இந்த வரத்தைக் கொடுத்தவர் ஒருநாள் கணக்குக் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குப் பயம் வந்தது. ஆராதனையில் பேசுவதைத் தான் சைகையில் சொல்லட்டுமா என்று போதகரிடம் தானே போய்க் கேட்டாள். பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். கை நன்றாகத் தெரியட்டும் என்று அவள் தலைக்கு மேலே ஒரு விளக்கும் போட்டார்கள்.

வந்தது வினை அந்த விளக்கால்தான். கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் ஆராதனை முடிந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார். உன் விரலைவிட உன் கல்தான் அதிகம் பேசுகிறதம்மா என்று சைகையில் சொல்லிச் சிரித்தார். கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையும் பேசுகிற கைதானே! அதன்பிறகுதான் கழற்றி வைக்கத் தொடங்கினாள். மாமியாரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அன்று ரொட்டிக் கடைக்காரரின் மகளுக்கு ஞானஸ்நானம். காது கேளாத பெண். இந்த நாளுக்காகவே மருமகளிடம் உட்கார்ந்து வேதம் கற்றவள். வெள்ளை உடையில், தொட்டியருகே அவள் நின்றாள். போதகர் முதல் கேள்வியைக் கேட்டார். மருமகளின் கைகள் எழுந்தன.

கல் பளீரென்றது. சிவப்பு ஒளிப்பொட்டு ஒன்று அந்தப் பெண்ணின் முகத்தில் ஏறி, கண்ணில் பட்டு, தோளுக்குத் தாவியது. அவள் கண்ணைச் சுருக்கினாள். மறுபடி சொல்லுங்கள் என்று சைகை செய்தாள். போதகர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே கதி. பதற்றத்தில் அவளுக்குத் தெரிந்ததும் மறந்துபோயிற்று. தலையை இல்லையென்று ஆட்டிவிட்டாள். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"மனசு இன்னும் தயாராகலை போல. இன்னொரு நாள் வெச்சுக்கலாமாம்மா?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

மருமகளின் விரல் மோதிரத்தைத் தொட்டது. தொட்டு, நின்றது. மாமியார் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. கைகள் தாழ்ந்தன. கண்ணீர் மட்டும் கேட்காமல் இறங்கியது.

முதல் வரிசையில் மாமியார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆராதனையில் அக்கம்பக்கம் பார்ப்பது குடும்பப் பெண்களுக்கு அழகல்ல என்று, இத்தனை நாளும் மருமகளின் கைகளைக்கூட அவர் பார்த்ததில்லை. இன்று பார்த்தார். வெள்ளை உடையில் ஓடிய சிவப்புப் பொட்டையும், அதன் பின்னாலேயே ஓடிய அந்தப் பெண்ணின் கண்களையும் பார்த்தார்.

அவர் எழுந்தார். முதுகு வளையாமல் நடந்து வந்து, மருமகளின் முன்னால் கையை நீட்டினார்.

"கழட்டிக் குடு."

மருமகள் திகைத்து நின்றாள்.

"குடும்மா. நான் வெச்சிருக்கேன்."

மோதிரத்தை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அவர் அங்கேயே ஓரமாக நின்றார். போதகர் கேள்வியை முதலிலிருந்து கேட்டார். வெறுங்கைகள் பேசின. ரொட்டிக் கடைக்காரரின் மகள் ஒவ்வொன்றுக்கும் தன் கைகளால் பதில் சொன்னாள். கடைசிப் பதிலை இரண்டு தரம் சொன்னாள். அவள் தண்ணீரிலிருந்து எழுந்தபோது தகப்பனார் வாய்விட்டு அழுதார்.

வாசலில் மாமியார் மருமகளை நிறுத்தினார்.

"எனக்கு ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க உங்க விரல்லேருந்து கழட்டிக் குடுத்தது அத்தை. அது இடைஞ்சல்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

மாமியார் மருமகளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"மோதிரம் நான் குடுத்தது. இந்தக் கை யார் குடுத்தது? நான் குடுத்ததை வெச்சு அவர் குடுத்ததைக் கட்டிப் போடப் பார்த்தேனே... இந்த வீட்டுக்கு உன்னைக் குடுத்ததுக்கு நான் அவருக்கு இன்னும் சரியா நன்றிகூடச் சொல்லலை."

அதற்குமேல் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மருமகளின் தோளில் சாய்ந்து அழுதார். தன் வாயால் வந்த வினைதான் என்று நாத்தனாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள். நீ வீட்டுக்குப் போய் மிச்சத் தட்டையும் துடை என்று மாமியார் சொன்னதும், அழுகையினூடே மூவரும் சிரித்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு சமையலறை ஜன்னல் விளிம்பில் மோதிரம் இல்லை. ஆராதனை தொடங்குமுன் முதல் வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது. மருமகள் கழற்றிக் கொடுத்தாள். மாமியார் அதைத் தன் விரலில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மருமகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.