நடுவில் போட்ட முடிச்சு

நான் வேலை செய்யும் இக்காஸ்ட் துணி ஆலை ஜூலையில் மூன்று கிழமை பூட்டு. இந்த 1991இல் அந்த லீவுக்கு நானும் மனைவி மாக்கிரட்டும் கப்பல் ஏறி நோர்வேக்குப் போனோம். மலைப் பைத்தியம் எனக்குத்தான். மேடு என்று சொல்ல ஒன்றுகூட இல்லாத டென்மார்க்கில் இருந்துகொண்டு, சுவர் முழுக்கப் பனிமலைப் படம் ஒட்டி வைத்திருந்தவன் நான்.

பனியாற்றின் அடிவாரத்தில் பழைய மரவிடுதி. போய் இறங்கியபோது பகல் பதினொரு மணி. உள்ளே ஈரக் கம்பளியும் தாரும் மணத்தன.

“சனம் வெயிலைத் தேடிப் போகுது. நீங்கள் என்னை ஐஸ்பெட்டிக்குள்ளை கொண்டு வந்திருக்கிறியள்,” என்றாள் மாக்கிரட்.

டென்மார்க்குக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவள் விட்ட முதல் பகிடி. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்.

டென்மார்க்குக்கு அவள் தனியாகத்தான் வந்திருந்தாள். தமிழ் அகதிகள் குடும்பத்தை அழைக்கப் போட்ட விண்ணப்பங்கள் டெனிஷ் அரசிடம் அசையாமல் கிடந்த வருடங்களில், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காய்ச்சல் கண்டு எங்கள் மகள் சுஜாந்தினி செத்துப்போனாள். மூன்று வயது. நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஆறு மாதம். அவள் கதைத்து நான் கேட்டதே இல்லை.

வழிகாட்டிப் பெண் பதிவுப் புத்தகத்தை நீட்டினாள். ஐஸில் ஏறுகிற எல்லோருடைய பெயரும் அதில் வேண்டும். திரும்பி வந்ததும் எண்ணிப் பார்த்துக் கோடு போடுவார்களாம். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். ஸ்ரிபன், மாக்கிரட், சுஜாந்தினி. அத்தனை வருடம் படிவம் நிரப்பிய கை, தன்பாட்டில் மூன்றாவது பெயரையும் எழுதியிருந்தது.

அழிக்கப் போனேன். மாக்கிரட் பேனையைப் பிடித்தாள்.

“விடுங்கோ. நீங்களும் அவளை வேண்டாமெண்டு சொல்லப்போறியளோ?”

விட்டுவிட்டேன்.

வழிகாட்டி கயிறு கட்டினாள். முன்னால் தான், பிறகு மாக்கிரட், கடைசியில் நான். எனக்கும் மாக்கிரட்டுக்கும் இடையில் குனிந்து, தாழ்வாக இன்னொரு முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டு, யாருமில்லாத அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.



நல்ல வெயில். நீல ஐஸ். அடியில் எங்கோ தண்ணீர் முனகிக்கொண்டு ஓடியது. சப்பாத்தில் கட்டிய இரும்பு முட்கள் சறுக் சறுக்கென்று கடித்தன. என் ஒரு எட்டுக்கு இரண்டு எட்டாக, இன்னொரு சத்தமும் வந்தது.

காற்றில், காய்ச்சலுக்குப் பூசுகிற கோடாலித் தைலம் மணத்தது.

தொய்ந்து கிடக்கவேண்டிய கயிறு, நடுவில் என் முழங்காலுக்குச் சற்று மேலே தூக்கி நின்றது.

பிறகு ஒரு இருமல்.

“இஞ்சாருங்கோ,” மாக்கிரட் குசுகுசுத்தாள். “அவளின்ரை இருமல்.”

“நட. திரும்பிப் பாராதை.”

ஐஸில் வெடிப்பு ஒன்றைத் தாண்டும்போது கயிறு நடுவில் சடாரென்று கீழே இழுபட்டது. முழங்கால் அடிபட விழுந்தேன். எட்டிப் பார்த்தால் வெடிப்புக்குள் நீல இருட்டு மட்டும். ஆனால் கயிற்றில் பாரம் இருந்தது. ஒரு பிள்ளையின் பாரம்.

மாக்கிரட் தன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.

“நான் இறங்கிறன். போனமுறை லொட்ஜிலை அவள் போகேக்கை நான் சுடுதண்ணி எடுக்கக் கீழை போயிருந்தனான்.”

வழிகாட்டி கத்தினாள். என் கை மாக்கிரட்டுக்கு எட்டவில்லை. வேறு வழி தெரியாமல் வெடிப்பைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

“சுஜா, ஏறி வா பிள்ளை. அப்பாவோடை வீட்டை வா.”

கயிறு தளர்ந்தது.

விடுதியில் வழிகாட்டி எங்களை எண்ணிப் பார்த்து, மூன்று பெயருக்கும் கோடு போட்டாள்.

இப்போது திரும்பி வந்து இக்காஸ்டில் இருக்கிறோம். யன்னலைத் திறந்தால் வெக்கை. மாக்கிரட் சிரிக்கிறாள், பாட்டுப் படிக்கிறாள், சோறு குழைத்து ஊட்டுகிறாள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். சுவாமியாரைக் கூப்பிடட்டா என்று கேட்டேன்.

“பிள்ளையைத் துரத்தவோ?” என்றாள்.

நான்தானே வா என்று கூப்பிட்டேன்.

இன்று காலை மாக்கிரட்டின் இடது கை முழங்கைவரை நீலம் பாரித்துப் போயிருந்தது. சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தும் விரல் மடங்கவில்லை.

“மாக்கிரட், பிள்ளையின்ரை கையைக் கொஞ்ச நேரம் விடு.”

“நான் எப்பவோ விட்டிட்டன்,” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் மணிக்கட்டைச் சுற்றி நான்கு சின்ன விரல் தடங்கள். வெண்பனி பூத்து, என் கண்முன்னே, இன்னும் இறுகிக்கொண்டிருந்தன.