ஆமா என்ற ஒரே சொல்

"அந்தக் கும்பாவக் கீழ வை! எம் மவனுக்கு இனி உங்கையால ஒரு பருக்க கெடையாது!"

விடிந்தும் விடியாததுமாக அன்னத்தாய் போட்ட கூச்சலில் ஆழ்வார்குறிச்சித் தெருவே எட்டிப் பார்த்தது. கஞ்சிக் கும்பாவோடு நின்ற மருமகள் பிரம்மநாயகி அதைக் கீழே வைத்தாள். தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று இன்னும் எத்தனை தடவைதான் சொல்வாள்!

பங்குனியில், வயலிலிருந்து வந்த அவள் கணவன் அம்மையப்பன் முற்றத்தில் சுருண்டு விழுந்தான். உயிர் தங்கியது. வலது கை தொங்கிப் போனது, பேச்சும் போனது. ஆனால் கோயில் பூசையில் மணி அடித்ததும், சிறு வயது முதல் பாடிய பதிகத்தைக் கணீரென்று பாடினான்! முடித்ததும் மறுபடி ஊமை.

"சாமி முன்னால தெறக்குத வாய் வீட்டுல அடைக்குதுன்னா, இது சோத்துல கலந்து வச்ச இடுமருந்துதான்!" என்று முடிவு கட்டிய அன்னத்தாய், மகனையே கேட்டாள். "ஒம் பெண்டாட்டி மருந்து வச்சாளா?"

"ஆமா" என்றான் அவன்.

போதாதா? படித்துறை முழுக்கப் பரப்பிவிட்டாள். பிரம்மநாயகி அழுதாள், சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். யார் காதில் விழுந்தது?

இன்று அவளைக் கூட்டிப் போக முக்கூடலிலிருந்து அண்ணன் வந்தான். கையோடு அம்பாசமுத்திரத்து டாக்டர் காந்திமதிநாதனையும் அழைத்து வந்திருந்தான். டாக்டர் நோயாளியை நெடுநேரம் சோதித்தார்.

"மூளையில ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வேல இருக்கும்மா. நெத்திப் பக்கம் நிதானம், உச்சிப் பக்கம் தொடுதத அறியும், காதுப் பக்கம் கேக்குதத, பிடரிப் பக்கம் பாக்குதத. பேச்சு பொறக்குதது இடப்பக்கம், நெத்திப் பொட்டுக்கு உள்ள. அங்கன ரத்தம் ஓடாமப் போச்சு. வலது கைய ஆட்டுததும் அந்த இடப்பக்கந்தான், அதான் அதுவும் விழுந்துட்டு. பாடிப் பழகின பாட்டு வேற பக்கம் தங்கியிருக்கு. மருந்துமில்ல, மாயமுமில்ல."

"அப்பம் 'ஆமா'ன்னு சொன்னானே?"

"அவருக்கு மிஞ்சினது அந்த ஒரு சொல்லுதான். வேற எதையும் கேட்டுப் பாருங்க."

அன்னத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரம்மநாயகிக்குப் பொறுமை போயிற்று.

"ஏங்க! உங்களப் பெத்தவங்களா மருந்து வச்சாங்க?"

அம்மையப்பனின் தலை 'இல்லை, இல்லை' என்று ஆடியது. வாயோ, "ஆமா... ஆமா..." என்றது. கண்ணீர் கொட்டியது. அன்றைக்கும் இப்படித்தான் தலையை ஆட்டினான். அவன் வாயைப் பார்த்தார்களே தவிர, தலையை யாரும் பார்க்கவில்லை.

"ஐயோ, பாவி நான்!" என்று அன்னத்தாய் மருமகளைக் கட்டிக்கொண்டாள். "எம் மவளே... போயிராதட்டீ!"

"நான் தொண்ட வத்தக் கத்தினேன், அத்தை. உங்களுக்கு ஒரு டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு!" பிரம்மநாயகி அந்தக் கைகளை விலக்கினாள். "நான் இருக்கேன். அவருக்காக. ஆனா ஊருக்குள்ள சொன்னத ஊருக்குள்ளதான் மாத்திச் சொல்லணும்."

யாரிடமும் தணிந்து பேசி அறியாத அன்னத்தாய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுத்தெருவுக்குப் போனாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! எம் மருமவ ஒரு பாவமும் அறியாதவ! பழி சொன்னது நான்!"

அதுவரை விறைத்து நின்ற பிரம்மநாயகி, கணவனின் தோளில் முகம் புதைத்து, வாய்விட்டு அழுதாள்.