பேச்சு நின்றால் அணையும் விளக்கு

வயரைச் செருகியதும் லேப்டாப் ‘டிங்’ என்று ஒரு சத்தம் போட வேண்டும். போடவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த எம்பி3 பிளேயர், தலையில் ஒரு சிவப்புப் புள்ளியை எரியவிட்டபடி மேஜைமேல் சும்மா கிடந்தது. சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. வேறு வயரைப் போட்டுப் பார்த்தான். பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தான். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டான். பிளேயரின் முதுகில் இருந்த ஊசித் துளையில் சேஃப்டி பின்னைக் குத்தி அழுத்தினான். புள்ளி ஒரு நொடி அணைந்து மறுபடி எரிந்தது.

டைல்ஸ் ஒட்டுகிறவன் அவன். நூல் பிடித்த மாதிரி வேலை செய்வான். வாயைத் திறந்தால்தான் வம்பு. தவளை தன் வாயால் கெடும் என்பதை அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். காலையில் மனைவியின் தம்பி போன் செய்து, “மாமா, அக்கா பாட்டுப் பாடிப் பதிஞ்சு வைப்பாளே, அந்த பிளேயர் அங்க இருக்கா? அம்மா அவ குரலைக் கேக்கணும்னு அழுறாங்க” என்றபோது, தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “இருக்கே மச்சான், சாயந்தரம் வந்து எடுத்துக்கோ” என்று பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டான். ஓடிப்போன மனைவியை மன்னித்த புருஷன் அப்படித்தானே பேசுவான். அதற்குப் பிறகுதான் இயர்போனை மாட்டி அமுக்கிப் பார்த்தான். கடைசிப் பதிவில் பாட்டு இல்லை.

அதில் அவன் இருந்தான். “வாயை மூடுடி” என்றான். அவள் கழுத்தில் தொங்கிய பிளேயர் ஒன்றையும் விடாமல் பிடித்து வைத்திருந்தது: நாற்காலி சரிந்தது, அவள் தலை தரையில் மோதியது, மறுபடி மோதியது, அவன் இடது முன்கையை அவள் வாய்மேல் வைத்து முழுப் பாரத்தோடு அழுத்தியபோது மூக்கு வழியாக வந்த ஈரமான இரைச்சல். அவள் கடித்தாள். உயிர் போன பிறகும் பல் விடவில்லை. சாந்து பூசும் கரண்டியை இடையில் விட்டு நெம்பித்தான் கையை எடுக்க முடிந்தது. தாடை விட்டுக்கொடுத்த சத்தமும் அதில் இருந்தது. மருந்துக் கடையில் தெருநாய் கடித்ததாகச் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டான். அவள் கல்குவாரிக் குட்டையின் அடியில், உடைந்த டைல்ஸ் நிரப்பிய சாக்கோடு கிடக்கிறாள். எவனோடோ போய்விட்டாள் என்று அவன் சொன்னதைத் தெருவே நம்பிவிட்டது.

அன்றைய அடியில் பிளேயரின் திரை நொறுங்கிப்போனதால் அதிலேயே அழிக்க வழியில்லை. உடைத்து எறியலாம் என்றால், இருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்லியாயிற்று. அவள் டியூஷன் எடுக்க வைத்திருந்த இந்த லேப்டாப் மனசு வைத்து, அந்த ஒரு பதிவை மட்டும் அழித்துவிட்டால் தலை தப்பும்.

வேறு வழி தெரியாமல் மச்சானையே கூப்பிட்டான். அவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். வலது கை வயரைப் பிடித்திருக்க, கட்டுப் போட்ட இடது கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

“சார்ஜ் போட்டு வைக்கலாம்னு பாத்தேன் மச்சான். லேப்டாப் இதை எடுக்கவே மாட்டேங்குது.”

“சிவப்பு லைட் எரியுதா மாமா?”

“எரியுது.”

“அப்ப அது பதிஞ்சுக்கிட்டு இருக்கு. பேச்சுக் குரல் கேட்டா தானா பதியிற மாதிரி நான்தான் செட் பண்ணிக் குடுத்தேன். பதியிறப்ப கம்ப்யூட்டர் எடுக்காது. பேச்சு நின்னா லைட் அணைஞ்சிடும், உடனே எடுத்துக்கும். கொஞ்ச நேரம் பேசாம இருங்க.”

பேசாமல் இருந்தான். மூச்சையும் அடக்கிக்கொண்டான். புள்ளி எரிந்தது.

“டிவியை நிறுத்துங்க மாமா. ஏதோ பொம்பளை பேசுறது கேக்குது.”

டிவி ஓடவில்லை. அதன் கறுப்புத் திரையில் அவன் முகம்தான் தெரிந்தது.

“நிறுத்திட்டேன்” என்றான்.

“கடைக்கு ஆள் வந்திருக்கு. கட் பண்ணிடாதீங்க, லைன்லயே இருங்க. வந்துடறேன்.”

போனை மேஜைமேல் குப்புற வைத்தான். பயம் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை; வெயில் கொளுத்துகிற நடுப்பகலில் யாராவது பயப்படுவார்களா. மின்விசிறியை நிறுத்தினான், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான், சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் துணியைத் திணித்தான், ஜன்னல்களைச் சாத்தினான். சாந்துத் தூளும் பழைய வியர்வையும் கையில் போட்ட கட்டிலிருந்து வந்த மருந்து வாடையும் மூடிய அறையில் கனத்து நின்றன. எதுவும் அசையவில்லை, எதுவும் பேசவில்லை. புள்ளி மட்டும் எரிந்தது.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளலாம் என்று குளியலறைக்குப் போனான்.

கூடத்திலிருந்து ‘டிங்’ என்றது.

ஓடி வந்தான். திரையில் பதிவுகளின் வரிசை விரிந்திருந்தது. அவன் அழிக்க நினைத்த பதிவுக்குக் கீழே இன்னும் பல. எல்லாமே இன்றைய தேதி. அழிக்கும் பொத்தானுக்குக் கை நீட்டினான். புள்ளி எரிந்தது. வரிசை மறைந்தது.

பின்னால் நகர்ந்தான். அணைந்தது. டிங்.

முன்னால் வந்தான். எரிந்தது.

அந்தக் குரல் வீட்டில் இல்லை. பேச்சு அவனோடு வருகிறது.

எட்ட நின்று வலது கையை மட்டும் நீட்டினான். ஒன்றுமில்லை. இடது கையை நீட்டினான். எரிந்தது.

கட்டைப் பார்த்தான். துணி லேசாக உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது.

அவிழ்க்க வேண்டாம் என்று நினைத்தான். விரல்கள் அவிழ்த்துக்கொண்டிருந்தன. கடைசிச் சுற்று சதையோடு ஒட்டியிருந்தது. பிய்த்தான். மேல்வரிசைப் பல் ஒரு வளைவு, கீழ்வரிசைப் பல் ஒரு வளைவு. இரண்டும் தடித்து, சிவந்து, ஈரமாக.

திறந்தன. மூடின. திறந்தன.

காதருகே கொண்டுபோனான். அவள் குரல்தான். கோபமே இல்லை.

“முதல்ல நாற்காலி விழுந்துச்சு” என்றது. “அப்புறம் என் தலை.”

“வாயை மூடு” என்றான்.

“அப்புறம் கரண்டி.”

வலது உள்ளங்கையால் பொத்தினான். பலம் கொண்ட மட்டும் அழுத்தினான். உள்ளங்கைக்குள் பல் இறங்கியது. கத்திக்கொண்டே பிய்த்து எடுத்தான். ஒரு துண்டுச் சதை அங்கேயே தங்கிவிட்டது. கடிவாய் அதை மென்றது. விழுங்கியது. பேச்சு இன்னும் பலத்தது.

மூலையில் கட்டிங் மெஷின் இருந்தது. பிளக்கைச் செருகினான். அதன் அலறலில் குரல் கேட்கவில்லை. அந்த நிம்மதிக்கு ஈடே இல்லை. இடது கையை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தான். முழங்கைக்குச் சற்றுக் கீழே. டைல்ஸ் அறுக்கிற மாதிரி ஒரே கோடு. தோல். சதை. எலும்பில் மெஷின் திணறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். சுவரில் ரத்தம். டிவியில் ரத்தம். லேப்டாப் திரையில் ரத்தம்.

கை விழுந்தது.

சுவரோரம் சரிந்தான். மெஷின் வயரை இழுத்துக்கொண்டு சாய்ந்து அணைந்தது. வீடு அமைதியானது. ‘டிங்’ என்ற சத்தத்துக்காக மேஜையைப் பார்த்தான்.

புள்ளி எரிந்தது.

தரையில் கிடந்த கை பேசிக்கொண்டிருந்தது. குவாரிக்குப் போகும் வழியை, குட்டையில் எந்தக் கரை என்பதை, டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதவைக்கிற நிதானத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னது. மேஜைமேல் குப்புறக் கிடந்த போனிலிருந்து மச்சானின் குரல் வந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

“சொல்லுக்கா. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”