மொட்டை வேர்களின் வழக்கு

காலை மணி எட்டேகால். பசுமைக்குடிலில் நுண்ணோக்கியின்மேல் குனிந்திருந்த விஞ்ஞானி அம்மாள் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய மக்காச்சோள ரகம் அது. அதன் வேரில் பஞ்சுபோல் அடர்ந்திருக்க வேண்டிய தூவிகளைக் காணோம். வேர் வழுவழுவென்று மொட்டையாகக் கிடந்தது.

"விதையை மாத்திட்டாங்க!" என்றார். அவருடைய விரல் விதைக்கிடங்குக் காப்பாளரை நேராகச் சுட்டியது.

மணி ஒன்பது. இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பதினொரு மணிக்குக் காப்பாளரை வேலையிலிருந்து நீக்கும் ஆணையில் இயக்குநர் கையெழுத்திடப் போகிறார் என்ற செய்தி வாசலிலேயே அவர் காதில் விழுந்தது. ஒரு மனிதரின் பதினேழு ஆண்டு நற்பெயர். அதைக் காப்பாற்ற இரண்டே மணி நேரம்.

மேசைமேல் இரண்டு வரிசைத் தொட்டிகள் இருந்தன. சிவப்புச் சீட்டு வரிசையில் புதிய ரகம். வெள்ளைச் சீட்டு வரிசையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சாதாரண ரகம். எல்லாத் தொட்டிகளிலும் சத்தில்லாத மணல். ஒரே குழாய் எல்லாவற்றுக்கும் சொட்டுச் சொட்டாக நீர் தந்தது.

"தூவி இல்லாட்டி என்னம்மா குடி முழுகிடும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மண்ணுல மணிச்சத்துன்னு ஒண்ணு இருக்கு சார். மகா சோம்பேறி. இருந்த இடத்தைவிட்டு நகராது. செடிதான் தேடிப் போகணும். வேரோட மேல்தோல்ல சில செல்லுங்க கை நீட்டற மாதிரி நீளமா வளரும். அதுதான் தூவி. மண்ணு ஏழையா இருந்தா நிறைய கை நீளும். உரம் வாங்க வழியில்லாதவங்க நிலத்துலயும் விளையணும்னுதான் இந்த ரகத்தையே உண்டாக்கினேன்."

"முன்னாடி வேரைப் பார்த்தீங்களா?"

"இல்ல. மூணு இலை விட்டதும் கருத்தரங்குக்குக் கிளம்பிட்டேன். ரெண்டு வாரம். வேரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"இந்தக் குடிலோட சாவி?"

"ரெண்டு. ஒண்ணு காப்பாளர்கிட்ட. இன்னொண்ணு எங்க வீட்டு ஆணியில."

அடுத்து காப்பாளரை விசாரித்தார்.

"விதையை மாத்தினீங்களா?"

"உறையில முத்திரை இருக்கு சார். ஒட்டறது நான். பிரிச்சு விதைச்சது மேடம். நடுவுல மாத்தணும்னா மாயாஜாலம் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சிருந்தா முதல்ல என் வழுக்கையை மாத்தியிருக்க மாட்டேனா?"

சிரிப்பதற்காகச் சொன்னவர் உடனே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அதையும் கவனித்தார்.

ஒன்பது நாற்பது. விஞ்ஞானி அம்மாளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தையற்கடை வைத்திருப்பவர், வெள்ளை மனம் படைத்தவர்.

"எங்க வீட்டுக்காரி வரிசையைப் பாருங்க சார்! இப்பதான் பசங்க முகம் தெளிஞ்சிருக்கு. அதைப் போய் மோசம்னு அழறா."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். சிவப்புச் சீட்டுச் செடிகள் கரும்பச்சையாகத் தளதளத்தன. வெள்ளைச் சீட்டுச் செடிகளோ இலையோரம் ஊதா படர்ந்து குன்றியிருந்தன. சிவப்பு வரிசையில் மணலின் மேற்பரப்பெங்கும் மெல்லிய பாசி. வெள்ளை வரிசையில் மணல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"ஏம்மா, வேரை எந்த இடத்துல வெட்டிப் பார்த்தீங்க?"

"மேல நாலு விரல் ஆழத்துல. செடி சாகக்கூடாதுன்னு எப்பவும் அங்கதான் எடுப்போம்."

"அடி வேரைப் பார்க்கறதே இல்லையா?"

"இல்ல."

"ஒரே ஒரு தொட்டியைக் கவிழ்ப்போமா?"

பத்து மணி இருபது நிமிடம். தொட்டியின் அடியிலிருந்து ஒரு வேர்த்துண்டு நுண்ணோக்கியின் கீழ் சென்றது. விஞ்ஞானி அம்மாள் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

"காடு மாதிரி இருக்கு சார்!" என்றார் கடைசியில். "இது என் ரகமேதான்."

"விதை மாறலை. வயிறுதான் நிறைஞ்சிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "யாரோ மேல உரம் போட்டிருக்காங்க. அதான் இலை பச்சை, மணல்ல பாசி. மணிச்சத்து நகராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மேல் வேருக்கு விருந்து, அடி வேருக்குப் பட்டினி. விருந்து நடக்கிற இடத்துல எந்தக் கை நீளும்? நீங்க விருந்து நடந்த இடத்தை மட்டும் பார்த்துட்டு விதையைச் சந்தேகப்பட்டுட்டீங்க."

"யார் சார் போட்டது?"

"பகையாளி விஷம் வைப்பான், சோறு வைக்க மாட்டான். அதுவும் உங்க வரிசைக்கு மட்டும்! இது பாசம் செஞ்ச வேலை. காப்பாளருக்கு இந்தச் செடிங்க பட்டினி கிடக்கணும்னு தெரியும். தெரியாத ஒருத்தர்கிட்டதான் இன்னொரு சாவி இருந்தது. 'இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு'ன்னு ஒருத்தர் சொன்னார். வாடின முகத்தை அவர் எப்பப் பார்த்தார்?"

எல்லாத் தலைகளும் கணவர் பக்கம் திரும்பின.

"பின்ன என்ன செய்யறது?" என்றார் அவர் பரிதாபமாக. "மூக்குக்கண்ணாடி இங்கயே இருக்குன்னு போன்ல சொன்னியே, எடுக்க வந்தேன். பிள்ளைங்க ஊதா பூத்துக் கிடந்தாங்க. நம்ம ரோஜாவுக்குப் போடற தூளைத்தான் ஆளுக்கு ஒரு கரண்டி போட்டேன்."

"வெள்ளை வரிசைக்கு?"

"அது யார் பெத்த பிள்ளையோ!"

"அடப்பாவி மனுஷா! பட்டினி போடறதுதானே என் சோதனையே!" என்று தலையில் கைவைத்த அம்மாள், கையை மெல்ல இறக்கினார். கண்கள் விரிந்தன. "சார், ஒரே செடி. கிடைச்ச இடத்துல கையை மடக்கியிருக்கு, கிடைக்காத இடத்துல நீட்டியிருக்கு. வீண்செலவே பண்ணாது போல! இதை மட்டும் சோதிக்க இன்னும் மூணு வருஷமாகும்னு நினைச்சிருந்தேன்."

பிறகு அவர் காப்பாளர் முன்னால் போய் நின்றார்.

"விசாரிக்காம விரலை நீட்டிட்டேன். தப்பு என்னுதுதான். இயக்குநர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

"சொல்லுங்க மேடம். எல்லார் முன்னாடியும்தானே குத்தம் சொன்னீங்க? அதே மாதிரி எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அப்படியே சொன்னார். பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கையில், இயக்குநரின் அறையில், ஊழியர் அனைவர் எதிரிலும் சொன்னார். ஆணை கிழிபட்டது.

பிற்பகலில் புதிதாக இரண்டு வரிசைகள் விதைத்தார்கள். ஒன்று பட்டினி வரிசை. மற்றொன்று உர வரிசை. உரம் போடும் பொறுப்பு, முறைப்படி, தையற்கடைக்காரருக்கே தரப்பட்டது. பட்டினி வரிசையின் முன்னே காப்பாளர் ஓர் அட்டையைக் கொட்டை எழுத்தில் எழுதி நட்டார்: "பட்டினி கிடப்பது எங்கள் தொழில். இரக்கப்பட்டு எங்கள் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம்."