ஏழாவது ஸ்லாட்டின் மூடி

முன்பக்கத்திலிருந்து சூடான காற்று வந்தது. வரவே கூடாது.

சுசித்ரா கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். நல்லம்பள்ளி ரோட்டிலிருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழைய வேண்டிய, ஜன்னலே இல்லாத சர்வர் அறையில், உச்சி வெயில் நேரத்திலும் ஏசி குளிரில் கால் விறைத்தது. எதிரே இடுப்புயர இரும்புப் பெட்டி, சேசிஸ் என்பார்கள். முன்னால் குளிர்ந்த காற்றை உறிஞ்சி, பின்னால் சூடாகத் தள்ளிக்கொண்டு ஓயாமல் இரையும். அதற்குள் புத்தகம் அடுக்கியது போலப் பதினாறு பிளேடுகள், ஒவ்வொன்றும் தனித்தனி சர்வர். பழுதான ஏழாவதை இப்போதுதான் உருவியிருந்தாள். அந்தக் காலி ஸ்லாட்தான் மூச்சு விட்டது. கிராம்பு வாசனையோடு.

கிராம்பைக் கடவாயில் அடக்கியிருந்தவன் அன்பு, பல்வலிக்காக. அவள் கணவன், கூடவே வேலை பார்ப்பவன். எந்த பிளேடைக் கழற்ற வேண்டுமென்று லேப்டாப்பிலிருந்து அதன் நீல விளக்கை மினுக்குவான். அவள் "பாத்துட்டேங்க" என்ற பிறகுதான் அணைப்பான். இன்றைக்கும் அப்படித்தான். "பின்னாடி ஃபேனப் பாத்துட்டு, வண்டியில இருக்கற புது பிளேட எடுத்தாறேன்" என்று பெட்டியின் பின்னால் போனான். அவள் குனிந்து வேலையில் இருந்தாள். அவன் வெளியே போனதைப் பார்க்கவில்லை.

இப்போது எட்டிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. வெளிய போறப்ப ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா போயிரும் என்று முணுமுணுத்தாள்.

அலாரம் அலறியது. ஸ்லாட் திறந்து கிடந்தால் காற்றெல்லாம் அதன் வழியே ஓடிவிடும். மற்ற பிளேடுகள் சூடேறி ஒவ்வொன்றாக நின்றுவிடும். மாடியில் ஐசியூ திரைகள் இதில்தான் ஓடின. புதியது வரும்வரை டம்மி மூடி போட வேண்டும். வெறும் தகரம், ஒயர் இல்லை, விளக்கு இல்லை.

அன்புவுக்கு போன் போட்டாள்.

"சுசி, மூடியப் போட்றாத."

"வண்டிகிட்டயா இருக்கீங்க?"

ஃபேன் இரைச்சல் மட்டும். பிறகு, "இருட்டா இருக்குது சுசி."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நர்ஸ் நிர்மலா கதவைத் தட்டினாள். "மேடம், மேல ஸ்கிரீனெல்லாம் அணையுதுங்க! சீக்கிரங்க!"

ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தாள். ஒரு சாண் உயரம், இரண்டு விரல் அகலம். உள்ளே ஒன்றுமில்லை. விளையாடுகிறான். இதிலா விளையாட்டு? ஐசியூவை நினைத்துக்கொண்டு மூடியை வைத்தாள்.

உள்ளிருந்து ஏதோ தள்ளியது. மெதுவாக.

காற்று. காற்றுதான்.

உள்ளங்கையால் அழுத்தினாள். கிளிக்.

அலாரம் நின்றது. போனில் ஃபேன் இரைச்சலும்.

எலக்ட்ரீஷியன் மாதப்பன் தலையை நீட்டினார். "வண்டிகிட்ட சாரக் காணமுங்க மேடம். உங்க ரெண்டு பேரு செருப்பும் வாசல்லயே கெடக்குது. இந்த வெயில்ல வெறுங்காலோடயா போனாரு?"

அவள் திரும்பினாள்.

ஏழாவது ஸ்லாட். வெறும் தகரம். நீலம் மினுக்கியது.

மூடியைப் பிடுங்கினாள். ஸ்லாட் காலி. குளிர்ந்த காற்றை ஒழுங்காக உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டேங்க," என்றாள். "பாத்துட்டேங்க. பாத்துட்டேங்க..."

கையிலிருந்த தகரம் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் நீலம் அணையவேயில்லை.