பனித் துளைப்பான் வாங்க வந்தவள்

"அசையாதீங்க!"

யாரோ கத்தினார்கள். அடுத்த கணம் ஸ்வாவாவின் மஃப்ளரை ஒரு கை வெடுக்கென்று பின்னால் இழுத்தது. அவள் தடுமாறி, வழுக்கி, கிம்லி துறைமுகத்தின் உறைந்த ஏரி நீரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீனவர் பியார்னியின் மகள், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்த ஏரியின் மேல் நடப்பவள், எல்லார் முன்னிலும் விழுந்து கிடக்கிறாள்...

"கழுத்தை நெரிக்கிறதுதான் உங்க கடையில வரவேற்பா?" என்றாள், மஃப்ளரை இழுத்த கடைக்காரனிடம்.

"இல்லீங்க, காப்பிதான். ஆனா உங்க மஃப்ளர் நுனி துளைப்பான் மிஷின் திருகுல சுத்தப் பார்த்துச்சு. சுத்தியிருந்தா, காப்பி குடிக்கத் தொண்டை இருந்திருக்காது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது என்று அப்புறம் பல தடவை நினைத்துக்கொண்டாள். உறைவதற்கு முந்தின நாள் ஏரி ஒரு நிறத்தில் இருக்குமே... சாம்பலும் இல்லாமல் நீலமும் இல்லாமல்... அந்த நிறத்தில் இரண்டு கண்கள். இமைகளின் மேல் பொடிப் பனி உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவள் எழுந்திருக்கக் கையை நீட்டியபடியே நின்றான்.

அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் எழுந்தாள். வீம்பு.

அவன் பெயர் ஓஸ்தாப். மேற்கே கோதுமை விளைவிக்கும் உக்ரைன் குடும்பத்துப் பிள்ளை. இலையுதிர் காலத்தில்தான் துறைமுகத்தருகே கடை திறந்திருந்தான். துறைமுகத்துப் பனி ஆள் தாங்கும் அளவுக்கு இறுகியதும், கடைக்காரர்கள், மீன் வலை இறக்க ஓட்டை போடும் துளைப்பான்களைப் பனிமேல் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். வாங்குபவர்கள் ஆளுக்கு நாலு ஓட்டை போட்டுப் பார்ப்பார்கள். போட்டுப் பார்க்காமல் இந்தக் கரையில் யாரும் துளைப்பான் வாங்குவதில்லை.

"எனக்கு அந்தப் பெட்ரோல் மிஷின் வேணும். பத்து அங்குலம்," என்றாள் ஸ்வாவா. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அப்பா அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தாராளமா. ஆனா ஒண்ணு கேக்கலாமா? தூக்கப்போறது யாரு?"

"நான்தான். அப்பாவுக்குத் தோள்பட்டை போயிருச்சு. இந்த வருஷம் வலை என் பேர்ல இறங்குது."

இந்தக் குளிர்காலம் அவள் ஒழுங்காக வலை போட்டுக் காட்டாவிட்டால், வலைகளையும் மீன்பிடி உரிமத்தையும் விற்றுவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அவள் நகரத்துக்குப் போய் ஏதாவது அலுவலகத்தில் உட்காரவேண்டியதுதான். ஏரி தெரியாத ஜன்னல் ஒன்று அவள் கனவில் அடிக்கடி வந்தது.

ஓஸ்தாப் சிரிக்கவில்லை. "பொண்ணா?" என்று புருவத்தைத் தூக்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை வலை? வலைக்கு ரெண்டு ஓட்டை, இல்லையா? காலையில எவ்வளவு குளிர்ல கிளம்புவீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பதிலை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டான்.

'இவ்வளவு நாளில் என்னிடம் யாரும் இதெல்லாம் கேட்டதே இல்லையே...' என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் பெட்ரோல் துளைப்பான். கயிற்றை இழுத்தாள், இருமியது. மறுபடி இழுத்தாள், தும்மியது. கடைசியில் உறுமிக் கிளம்பி, பனியில் கடித்து, அவளையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றியது.

"நடனமும் வருது உங்களுக்கு," என்றான்.

"வாயை மூடுங்க!"

அடுத்தது பேட்டரி. விசையை அழுத்தினாள். சத்தமே இல்லை. வெண்ணெயில் கரண்டி இறங்குவதுபோல் திருகு இறங்கியது. வெள்ளைச் சீவல்கள் பூவாகக் கொட்டின. ஒரே மூச்சில் தண்ணீர் பொங்கி அவள் பூட்ஸை நனைத்தது. அவள் தன்னை மறந்து, "அய்யோ, என்ன அழகு!" என்றாள்.

"ஆமா," என்றான் ஓஸ்தாப். அவன் துளைப்பானைப் பார்க்கவில்லை.

"குளிர்ல பேட்டரி செத்துப்போகுமே?"

"ரெண்டு வச்சுக்கோங்க. ஒண்ணு மிஷின்ல, இன்னொண்ணு கோட்டுக்குள்ள. மாத்தி மாத்திப் போட்டா நாள் முழுக்க ஓடும். ஒரு விஷயம் மட்டும்... உங்க பழைய மிஷின் பிளேடு கோடாலி மாதிரி. எதையும் தாங்கும். இது சவரக் கத்தி. சீவும். பதமா வச்சுக்கணும்."

"கத்தியைப் பதமா வச்சுக்க எனக்குத் தெரியும். மீன் அறுக்கிற வீடு."

அவன் தலையைக் குனிந்து ஒத்துக்கொண்டான். அந்தக் குனிவில்கூட ஒரு மரியாதை இருந்தது. பேட்டரித் துளைப்பானோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிஷின்னா சத்தம் போடணும்மா. இது என்ன, பூனைக்குட்டி மாதிரி? வேலிக்கம்புக்குக் குழி தோண்டுற குடியானவப் பய பேச்சைக் கேட்டுட்டு வந்து நிக்கிற!"

"அவரு பேச்சைக் கேக்கலப்பா. நானே ஓட்டிப் பார்த்தேன்."

"அவரா? ம்ம்... சரி சரி," என்று மீசைக்குள் முணுமுணுத்தார்.

முதல் நாள். இருட்டு விலகும்போதே அவளும் அப்பாவும், பனிக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே முதலில் துளை போட்டு வலை இறக்குபவருக்குத்தான் அந்த இடம். முதல் துளை பிரமாதமாக விழுந்தது. துளைப்பானை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த துளைக்கு இடம் குறிக்க நடந்தாள். திரும்பி வந்து விசையை அழுத்தினால்... திருகு சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பனியில் இறங்கவே இல்லை. கண்ணாடியைத் துடைப்பதுபோல் மேலே வழுவழுவென்று தேய்த்தது.

பேட்டரி மாற்றினாள். அழுத்தினாள். மேலே ஏறி நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் ஸ்கூலி குடும்பத்து மீனவர்கள், அண்ணன் தம்பிகள், தங்கள் வண்டியில் வந்து, கையை ஆட்டிவிட்டு, திட்டு முழுக்கத் துளை போட்டு வலை இறக்கிவிட்டார்கள்.

மத்தியானம் கடைக் கதவை உதைக்காத குறையாகத் திறந்தாள். அடுப்பைச் சுற்றி ஸ்கூலி ஆட்கள் உட்பட ஏழெட்டு மீனவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். துளைப்பானை மேஜைமேல் வைத்தாள். பின்னால் அப்பா.

"சவரக் கத்தின்னீங்களே... இது வெண்ணெய்கூட வெட்டாது! எங்க இடம் போச்சு!"

ஓஸ்தாப் அலகை விளக்குக்கு நேரே பிடித்தான். விரல் நுனியால் ஓரத்தைத் தடவினான். ஒரு இடத்தில் விரல் நின்றது. மெல்ல நிமிர்ந்து அவள் அப்பாவைப் பார்த்தான். பியார்னி அடுப்பைப் பார்த்தார்.

"என் தப்புதாங்க," என்றான் ஓஸ்தாப். "பிளேடு சரியில்லாததைக் குடுத்துட்டேன். வேற மாட்டித் தர்றேன்."

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

அவன் குனிந்து புது அலகை மாட்டி, திருகாணியை முடுக்கினான். மீனவர்களில் ஒருவர், கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அதேமாதிரித் துளைப்பானை ஓசைப்படாமல் திரும்ப வைத்துவிட்டு வெளியேறினார். பின்னாலேயே இன்னொருவர்...

அவளுக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் வண்டியில் வரும்போது அழுகை வந்தது ஏன் என்றுதான் புரியவில்லை. ஒரு மோசமான கடைக்காரன். அவ்வளவுதானே? அவ்வளவுதானா...?

புது அலகோடு வேறு பக்கம் போய் வலை போட்டாள். யாரும் அதிகம் போகாத இடம். மீன் வர ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாக இல்லை, ஆனாலும் வந்தது. ஒரு வாரம் போனது. ஓஸ்தாப்பின் கடை வாசலில் வண்டிகள் நிற்பதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. போகாமலிருக்க, சுற்றிக்கொண்டு போனாள்.

அன்று காலை அவள் தூரத்துத் துளையில் முழங்காலிட்டு வலை இழுத்துக்கொண்டிருந்தாள். பனிமேல் சத்தம் வெகுதூரம் ஓடும்.

ணங்... ணங்... ணங்.

திரும்பினாள். அப்பா துளைப்பானைத் துளையிலிருந்து தூக்கி, திருகில் ஒட்டிய பனிச்சேற்றை உதிர்க்க, அலகுப் பக்கத்தைக் கெட்டிப் பனியில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தார். பழைய துளைப்பானை முப்பது வருஷமாக அப்படித்தான் குத்துவார். அந்தக் கோடாலி அலகு தாங்கியது.

ஸ்வாவா ஓடினாள். "அப்பா! என்ன பண்றீங்க?"

பியார்னியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் துளைப்பானைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அப்படியே மீன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"கை கேக்கமாட்டேங்குதும்மா... வேணாம் வேணாம்னு நினைக்கிறேன், அது பாட்டுக்குத் தட்டுது."

"அன்னைக்கும்...?"

"அன்னைக்கும் நான்தான். நீ இடம் குறிக்கப் போனப்போ. அந்தப் பையன் பிளேடைப் பார்த்த உடனே கண்டுபிடிச்சுட்டான். என்னைப் பார்த்தான் பாரு ஒரு பார்வை... நீங்க சொல்லுங்க, இல்லேன்னா விடுங்கன்னு. நான் வாயைத் திறக்கல. ஸ்கூலி ஆளுங்க அத்தனை பேரும் இருந்தாங்க. பியார்னியே பிளேடைக் கெடுத்து, பொண்ணோட இடத்தையும் கெடுத்தான்னு சொல்லுவாங்களேன்னு..."

"அவரு கடை போச்சுப்பா!"

"தெரியும்."

"நான் அவரை எப்படித் திட்டினேன் தெரியுமா?"

"பக்கத்துலதானே நின்னேன்," என்றார் பரிதாபமாக.

ஸ்வாவா சட்டென்று துளைப்பானை வண்டியில் ஏற்றினாள். "கிளம்புங்க. காப்பி நேரம். எல்லாரும் அங்கதான் இருப்பாங்க."

அடுப்பைச் சுற்றி அதே முகங்கள். ஓசிக் காப்பிக்கு வந்தவர்கள். வாங்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. அவளைக் கண்டதும் ஓஸ்தாப் எழுந்தான். அந்தக் கண்கள் களைத்திருந்தன. ஆனாலும் அவள் மஃப்ளரில் படிந்த பனியைப் பார்த்ததும் அவன் கை தன்னையறியாமல் காப்பிக் கோப்பையைத் தேடியது.

அவள் வாயைத் திறப்பதற்குள் பியார்னி தொண்டையைக் கனைத்தார்.

"கேளுங்கப்பா எல்லாரும். பிளேடைக் கெடுத்தது நான். மண்வெட்டி மாதிரி பனியில போட்டுக் குத்தினேன். இன்னைக்கும் குத்திட்டேன். மிஷின் நல்ல மிஷின். முட்டாள் நான்தான். தம்பி, என்னை மன்னிச்சுருப்பா."

அப்புறம் மூத்த ஸ்கூலி கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லவேளை நீங்க சொன்னீங்க அண்ணே. நானும் அப்படித்தான் குத்துறேன். என் பொண்டாட்டி தெனமும் கத்துறா." கடை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பியார்னியின் முதுகில் யாரோ தட்டினார்கள். "பிளேடு இருக்கா தம்பி? எனக்கு ரெண்டு செட்டு" என்று ஒரு குரல் எழுந்தது. அப்புறம் இன்னொன்று.

கூட்டம் கலைய நேரமாயிற்று. அப்பா வண்டியைச் சூடாக்குவதாகச் சொல்லி வெளியே போனார். சூடாக்க அவ்வளவு நேரம் எந்த வண்டிக்கும் ஆகாது.

"ஏன் சொல்லல?" என்றாள். "ஒரு வார்த்தை... 'உங்கப்பாதான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவரு பேரு இந்தக் கரையில அவ்வளவு பெருசு. என் பேரு நேத்து எழுதின போர்டு." அவன் துணியால் மேஜையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். "அதுவும் இல்லாம, தட்டக்கூடாதுன்னு நான் நேரடியா சொல்லியிருக்கணும். பதமா வச்சுக்கோங்கன்னு பூசி மெழுகிட்டேன். அன்னைக்கு உங்களைப் பார்த்துக்கிட்டே பேசினதுல... பாதி விஷயம் மறந்துபோச்சு."

"எங்க அப்பா மானத்தைக் காப்பாத்த நீங்க யாரு?"

"யாருமில்லதான்," என்றான். பிறகு மிக மெதுவாக, "ஆகணும்னு ஒரு ஆசை..."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. 'மன்னிப்புக் கேள்' என்றது ஸ்வாவாவின் மனம். 'அது மட்டும் போதாது' என்றது இன்னொரு மனம்.

"ஆந்தை முனை தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"அங்கேருந்து வடக்கே போகணும். சர்ச் கூம்பும் தண்ணித் தொட்டியும் கரையில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறையிற வரைக்கும். அந்த இடத்துல பனிக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கு. என் வலை அங்கதான்."

ஓஸ்தாப்பின் கையிலிருந்த துணி நின்றுவிட்டது.

குடியானவன் மகனானாலும் இதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவன் இந்தக் கரையில் வாழ்ந்திருந்தான். வலை இருக்கும் இடத்தை இங்கே யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். அண்ணன் தம்பிக்குச் சொல்லமாட்டான். சிநேகிதனுக்குச் சிநேகிதன் சொல்லமாட்டான். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் குளிர்காய்பவர்களுக்கு மட்டும்தான் சொல்வார்கள்.

"ஸ்வாவா..." முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்." அவள் கண்களைத் தாழ்த்தவில்லை. தாழ்த்திவிட்டால் இனி ஒருபோதும் சொல்ல வராது. "எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல. எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவள் எதிரே நின்றான். கதவுக்கு வெளியே பியார்னி பொறுமையிழந்து ஒரு தடவை ஹாரன் அடித்தார்.

"எனக்கு மண்ணுதான் தெரியும்," என்றான் ஓஸ்தாப். "தண்ணி தெரியாது. பள்ளம் தெரியாது. மீனுக்கு எந்தப் பக்கம் தலைன்னு மட்டும் தெரியும். ஆனா நாளைக்குக் காலையில நீ என்னை எங்க நிக்கச் சொல்றியோ... அங்க நிப்பேன். வாழ்க்கை பூரா நிப்பேன்."

"நாளைக்குக் காலையில," என்றாள் ஸ்வாவா சிரித்துக்கொண்டே, ஈரமான கண்களோடு, "என் பக்கத்துல நில்லு."