மூன்றாவது போர்ட்டில் ஒட்டிய சந்தனம்

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு? அப்ப நீங்க போட்டுக் கொடுத்ததுலதான் கோளாறு.”

“நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுன்னா, நான் போட்டது கரெக்டா கீதுன்னுதான மேடம் அர்த்தம்?”

“அர்த்தமெல்லாம் வேண்டாம். பில் போட வழி பண்ணுங்க.”

“அதுக்குத்தான் மழைல நனைஞ்சுக்கினு வந்துகீறேன்.”

தி.நகரில் ரகுபதி அண்ணாச்சி ஜவுளிக்கடை வாசலில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் புஷ்பத்தின் கை நின்றுவிட்டது. மாடியறையில் சண்டை என்றால் ஊசி எப்படி ஓடும்? கத்தியது அண்ணாச்சியின் ஒரே மகள் ஷண்முகப்ரியா. கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து ஆறு மாதமாக பில்லிங் அவள் பொறுப்பு. பதில் சொன்னவன் டில்லிபாபு. தேனாம்பேட்டையில் இனாயத் பாய் நடத்தும் சின்ன கம்பெனி ஆள். இந்தக் கடைக்குப் போன வருஷம் லினக்ஸ் ரௌட்டர் போட்டவன் அவன்தான். அடையாற்றங்கரையில் பிறந்தவன், அரசாங்கம் வீட்டை இடித்ததும் பெரும்பாக்கத்துக்குத் தள்ளப்பட்டவன் என்பதையெல்லாம் அவன் செருப்பைக் கழற்றிய நேரத்திலேயே புஷ்பம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

விஜயதசமி காலை. தீபாவளிக் கூட்டம் வேறு. ஐந்து பில்லிங் கம்ப்யூட்டரும் ஊமையாய் நின்றன.

ஷண்முகப்ரியா இன்னும் நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அவன் நிமிர்ந்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழவா வேண்டாமா என்று நின்றது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தன் எப்படிச் சண்டை போடுகிறான்... சேர்த்ததெல்லாம் மறந்துபோனது. பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

“விலை டிக்கெட்டு கீதே மேடம்.”

“பில்தான் போட முடியலையே. துடைச்சுக்குங்க.”

சிரித்துவிட்டான். அவளும்தான்... ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

லேப்டாப்பைச் செருகித் தட்டிப் பார்த்தான். “ரௌட்டர்லேர்ந்து நெட்டு வெளிய போவுது. உங்க கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போவல.”

“ஏன்?”

“உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் கீது. அது கடைக்குள்ள மட்டும்தான் செல்லும். வெளிய போறப்ப இந்தப் பொட்டி தன் நம்பர மேல ஒட்டி அனுப்பணும். அப்பதான் பதில் திரும்பி வரும். அந்த ரூல ரெண்டாவது போர்ட்டுக்கு எழுதிக்கீறேன்...”

பெட்டியைத் திருப்பினான். பின்னால் கேபிள் செருக மூன்று போர்ட். முதலாவது கடைக்கு, இரண்டாவது வெளியே, மூன்றாவது என்றாவது வரப்போகும் இன்னொரு இணைப்புக்காகச் சும்மா விட்டது. வெளியே போகும் கேபிள் மூன்றாவதில் இருந்தது. அதன் முனையில் காய்ந்த சந்தனம், விரல் ரேகையோடு.

நேற்று ஆயுதபூஜை. பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொல்லியும் கேட்காமல், எல்லாக் கேபிளையும் பிடுங்கி, பெட்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டியவள் ஷண்முகப்ரியாவேதான். நக ஓரத்தில் இன்னும் சந்தனம் போகவில்லை. அவன் அந்த நகத்தைப் பார்த்தான். அவள் கண்களைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலால் கேபிளைத் தேய்த்துச் சந்தனத்தை எடுத்துவிட்டான்.

அண்ணாச்சி மேலேறி வந்தார். “என்ன தம்பி, சோலி முடிஞ்சுதா? காலைலேருந்து எத்தன பேரு திரும்பிப் போயிருக்காவ தெரியுமா? யாரு பாத்த வேல இது?”

சொல்லிவிட அவள் வாய் திறந்தாள். பின்னாலேயே பில்லிங் பெண்கள் ஐந்து பேரும் ஏறி வந்து நின்றார்கள்...

“என் தப்புதான் சார். மூணாவது போர்ட்டுக்கு ரூல் எழுதாம உட்டுட்டேன்” என்றான் டில்லிபாபு.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு நிமிஷத்தில் பில் ஓடியது. அண்ணாச்சி அங்கேயே நின்று இனாயத் பாய்க்குப் போன் போட்டார்: “இந்தப் பையன இனிமே நம்ம கடைப் பக்கம் அனுப்பாதீரும்.” பாய்க்கு மிகப் பெரிய வாடிக்கை இந்தக் கடைதான். அந்த மாதக் கடைசியோடு டில்லிபாபுவின் வேலை போயிற்று.

மகாராணி ஷண்முகப்ரியாவுக்கு இது தீபாவளி முடிந்துதான் தெரிந்தது. குடைகூட இல்லாமல் தேனாம்பேட்டைக்கு ஓடினாள். பாக்கிச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவன் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கு நான்தான் கேபிள மாத்திச் சொருகினேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன்...”

“அத்தினி பேர் முன்னாடி நீங்க தலை குனியறத பாக்க முடில. கொஞ்ச நேரம் கழிச்சு நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.” படியைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: “உங்கப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்ல வந்தீங்களா மேடம்?”

கண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. “உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. அத சொல்லத்தான் வந்தேன்...”

“எனக்குந்தான். துண்டு நீட்டினீங்களே, அப்பவே. ஆனா... அன்னிக்கு நீங்க சும்மா நின்னீங்களே, அதுதான் கண்ணுலயே கீது. இன்னா பண்ணச் சொல்றீங்க?”

அவள் மெதுவாகப் படியிறங்கினாள்.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் எல்லாம் சொன்னாள். கேபிள், சந்தனம், அவன் சுமந்த பழி, ஒன்று விடாமல். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். கேட்டது ஒரே கேள்விதான்: “இதெல்லாம் சொல்லுதியே, இன்னிக்கு அவன எங்க வச்சுப் பாத்த?”

டில்லிபாபு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்குக் குடிபோனான். மறுவருஷம் மணிமொழி என்று ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டான். ஷண்முகப்ரியாவை அந்தத் தீபாவளி கழிந்து வந்த தை மாதமே தூத்துக்குடி உப்பு வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தார்கள். நல்ல மனுஷராம். மூன்று தீபாவளி போய்விட்டது, பிறந்த வீட்டுக்கு அவள் ஒருமுறைகூட வரவில்லை.